1900, 2061, 7: சொல்தா தாத்தாவின் ஃப்ளூட்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு முற்பகல். குருசுக்குப்பத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் கறுப்புத் தோல் ஒட்டிய நீளமான பெட்டி. அதற்குள் மூன்று துண்டுகளாகக் கழற்றி வைத்த மேல்நாட்டு ஃப்ளூட். அவருடைய தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போய், படையின் பேண்டில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டைப் பாகம் பிரிக்கும்போது இந்தப் பெட்டி டீச்சரின் பங்குக்கு வந்திருக்கிறது.

பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கிளாரினெட், சாக்சபோன், டிரம்பெட் ஆகியவை நிறைய வரும். ஃப்ளூட் எப்போதாவது வரும். டீச்சர் பழுது பார்க்க வரவில்லை. "இது என்ன என்று தெரிய வேண்டும் தம்பி. விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அதற்கு முன்பே இரண்டு பேர் அவருக்கு விலை சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழம்பொருள் வாங்கும் ஒருவர், இது வெறும் ஜெர்மன் சில்வர், எடைக்கு எடுத்துக்கொண்டால் 1,500 ரூபாய் தருகிறேன் என்றாராம். தரகர் ஒருவர், இது பாரிசில் ஃப்ளூட் செய்வதில் பேர்போன லூயி லோ செய்த குழல், வெளிநாட்டில் ஆறு லட்சத்துக்குப் போகும், சான்றிதழுக்கும் அனுப்பும் செலவுக்கும் முதலில் 20,000 ரூபாய் கட்டுங்கள் என்றாராம். ஒரே பொருளுக்கு 1,500 ரூபாயும் ஆறு லட்சமும். அந்த அம்மாவுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

இரண்டு பேரும் குழலில் இருக்கும் குறிகளைப் பார்த்துத்தான் பேசினார்கள். முழுப் பொய் என்று எதையும் தள்ளிவிட முடியவில்லை. குழலில் ஜெர்மன் சில்வரும் இருந்தது, பாரிஸ் என்ற சொல்லும் இருந்தது. ஆனால் ஒரு குறி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதை அடித்தது யார், எப்போது, எதற்காக என்று ஒவ்வொரு குறியையும் தனியாக நிறுத்திக் கேட்க வேண்டும். அவர்கள் எல்லாக் குறிகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே விடையாகச் சொல்லிவிட்டார்கள். பிழை அங்கேதான் தொடங்கியது.

வந்த நிலை

நடுத்துண்டு பளபளவென்று இருந்தது. எனக்கு அதுவே கவலையாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை டீச்சரின் அத்தை அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைப்பாராம். புளி கறுப்பை எடுக்கும். சாம்பல் உலோகத்தையே எடுக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது பொருந்தும். மயிரிழை ஆழத்தில் அடித்திருக்கும் முத்திரைக்கு அது எமன். பழைய குழல் கையில் கிடைத்தால் முத்திரையைப் படித்துப் படம் எடுத்து முடிக்கும்வரை ஈரத்துணிகூடப் போடக் கூடாது. கறுப்பேறிய முத்திரை தானாகவே எழுத்தைக் காட்டும். பள்ளத்தில் தங்கும் கறுப்புதான் அங்கே மை.

இங்கே அந்த மை போய்விட்டது. நடுத்துண்டின் மேல் முனையில் நாலைந்து வரி இருந்ததற்கான தடம் மட்டும் தெரிந்தது. வெறுங்கண்ணால் படிக்க முடிந்தது இரண்டுதான்: பாரிஸ் என்ற சொல், 1900 என்ற எண். அடித்துண்டில் 2061 என்று இன்னோர் எண். தலைத்துண்டில் அரிசி அளவில் ஒரு தலை உருவம். தரகர் கண்டது இவ்வளவே.

பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, டார்ச் விளக்கைக் குழலோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து அடித்தேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை விரல்நுனியால் மெல்லத் தடவி, உலர்ந்த துணியால் ஒரே ஒரு முறை ஒற்றி எடுத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. நகைக்கடைப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், முதலில் ஓர் உருண்டை, அதன் தலையில் நாக்கு நாக்காகத் தீ. தீ கக்கும் எறிகுண்டு! அதைக் கண்டதும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அதன் கீழே பெயர் இருந்த வரி முற்றிலும் தேய்ந்திருந்தது. அதற்கும் கீழே துண்டு துண்டாகச் சில எழுத்துகள். அவற்றைத் தாளில் வரைந்து டீச்சரிடம் நீட்டினேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் அவர். விடுபட்ட எழுத்துகளை நிரப்பி ஒவ்வொரு வரியாகப் படித்தார்: எக்ஸ்போசிசியோன் யூனிவெர்சல் த பாரி 1900. ஓர் கோன்கூர். மாம்ப்ர் து ஜூரி. கடைசியில் 94, ரூ தாங்கூலேம்.

1900 என்பது பிறந்த ஆண்டு அல்ல

1900இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. வாத்தியம் செய்பவர்கள் அங்கே பொருள்களை வைத்துப் பதக்கத்துக்குப் போட்டியிடுவார்கள். ஒரு நிறுவனத்தின் ஆளே நடுவர் குழுவில் உட்கார்ந்துவிட்டால் அந்த நிறுவனம் பதக்கம் வாங்க முடியாது. அப்படிப்பட்டவர்களைப் போட்டிக்கு வெளியே நிற்பவர்கள் என்று அறிவிப்பார்கள். 'ஓர் கோன்கூர்' என்பதன் பொருள் அதுதான். 'மாம்ப்ர் து ஜூரி' என்றால் நடுவர் குழு உறுப்பினர். பதக்கம் வாங்குவதைவிட அது பெரிய கௌரவம். அதனால் நிறுவனங்கள் அதைத் தங்கள் முத்திரையிலேயே சேர்த்து, பல ஆண்டுகள் எல்லாப் பொருளிலும் அடித்துவந்தன. நம் ஊர் மிட்டாய்க்கடைப் பெட்டியில் எப்போதோ வாங்கிய விருதின் ஆண்டு அச்சாகியிருப்பதைப் போலத்தான். பெட்டியில் உள்ள ஆண்டை வைத்து மிட்டாய் செய்த தேதியை யாரும் சொல்வதில்லை.

ஆகவே 1900 என்ற எண் ஒன்றே ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்கிறது: இந்தக் குழல் 1900க்கு முன் செய்யப்பட்டது அல்ல. அது கீழ் எல்லை.

மேல் எல்லையை முகவரி தந்தது. பாரிசின் பதினோராம் வட்டாரத்தில் இருந்த ஆங்கூலேம் வீதிக்கு இன்று அந்தப் பெயர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் 1941 அக்டோபரில் சுட்டுக்கொன்ற ழான் பியேர் தாம்போ என்ற தொழிற்சங்கத் தலைவரின் பெயரைப் போர் முடியும் தறுவாயில் அந்த வீதிக்குச் சூட்டிவிட்டார்கள். அவரும் உலோகத் தொழிலாளிதான். வீதிப் பெயர் மாறியவுடனே முத்திரையும் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. லால்பகதூர் சாஸ்திரி வீதியை இங்கே இன்னும் புஸ்ஸி வீதி என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் 1945 என்பது நியாயமான மேல் எல்லை.

எறிகுண்டும், 94ஆம் எண்ணும், நடுவர் குழு வரியும் சேர்ந்து நிற்கும் முத்திரை குவெனோன் நிறுவனத்துடையது. 1880களில் கோத்ரோ என்பவரின் பெரிய வாத்தியத் தொழிற்சாலையை அமேதே குவெனோன் எடுத்து நடத்தத் தொடங்கினார். ஷாத்தோ தியேரி என்ற ஊரில் அவர்களுக்கு ஆலை இருந்தது. பித்தளை ஊதுகருவி முதல் ஃப்ளூட் வரை எல்லாம் செய்தார்கள். பிரெஞ்சு ராணுவ பேண்டுகளுக்கு அவர்களுடைய வாத்தியங்கள் ஏராளமாகப் போயின. சொல்தா தாத்தாவின் கையில் குவெனோன் இருப்பதில் வியப்பே இல்லை. உழைக்கும் வாத்தியம், நேர்மையான வேலைப்பாடு. ஆனால் லூயி லோ அல்ல.

2061

தரகரின் வாதத்துக்கு உயிர்நாடி இந்த எண். லூயி லோ 1855இல் தன் பெயரில் தனிப் பட்டறை தொடங்கினார். 1860 முதல் பாரிஸ் கன்சர்வத்துவார் என்ற இசைக் கல்லூரிக்குக் குழல் கொடுத்தவர் அவரே. தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளைக் குழலை வெள்ளியில் செய்து, அதற்கென்று ஒரு நாதத்தை உலகுக்குக் காட்டியவர்கள் அவரும் அவருக்குப் பின் அதே பெயரில் பட்டறையை நடத்தியவர்களும். 1869இல் அவர் தங்கத்தில் செய்த 1375ஆம் எண் குழலைத்தான் பிற்காலத்தில் பிரெஞ்சு ஃப்ளூட் கலைஞர் ழான் பியேர் ராம்பால் வாசித்தார். அந்தப் பட்டறையின் குழல்களுக்குத் தொடர் எண் உண்டு. எண்ணை வைத்துக் காலத்தைக் கணக்கிடலாம். 2061 என்ற எண் அந்த வரிசையில் 1870களின் நடுப்பகுதியில், லூயி லோ பட்டறையில் இருந்த காலத்தின் கடைசியில் விழும். தரகர் ஆறு லட்சம் என்றது அதனால்தான்.

ஆனால் 1870களில் செய்த குழலில் 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியின் பெயர் எப்படி வரும்? இந்த ஒரு கேள்வியிலேயே அந்த வாதம் முடிந்துவிடுகிறது. இருந்தாலும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விட எனக்கு மனமில்லை.

பூதக்கண்ணாடியில் 2061ஐப் பார்த்தேன். தொழிற்சாலை எண்ணை உளி அச்சால் ஒரே அடியில் அடிப்பார்கள். கோட்டின் அடிப்பகுதி சமமாக இருக்கும், இலக்கங்கள் ஒரே உயரத்தில் நிற்கும், அடி விழுந்த இடத்தைச் சுற்றி உலோகம் லேசாகப் புடைத்திருக்கும். இங்கே இரண்டின் வாலில் கோடு நடுங்கியிருந்தது. ஆறின் வயிறு இரண்டு தடவையாக, நடுவில் கையெடுத்துப் போட்டிருந்தது. ஒன்று சற்றுச் சாய்ந்திருந்தது. ஊசி முனையாலோ கத்தி முனையாலோ யாரோ உட்கார்ந்து கீறியிருக்கிறார்கள்.

"தாத்தாவின் ராணுவப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா டீச்சர்?" என்று கேட்டேன். பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் மற்ற எந்தக் காகிதம் தொலைந்தாலும் அது தொலையாது. மறுநாளே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பழுப்பேறிய சிறு புத்தகம். 1936இல் சேர்ந்த பதிவு, தாத்தாவின் பெயர், பிறந்த ஊர். அதற்கு எதிரே படை எண் என்ற இடத்தில் ஊதா மையில் 2061.

டீச்சர் புத்தகத்தையும் அடித்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாசறையில் பத்துப் பேரின் ஃப்ளூட்டும் ஒரே மாதிரி இருக்கும். தன்னுடையது மாறிவிடக் கூடாது என்று தாத்தா கீறிவைத்தது. அதைத்தான் பாரிஸ் பட்டறையின் எண் என்று விற்கப் பார்த்தார்கள்.

தொழிற்சாலை அடித்த எண் ஒன்று வேறு இடத்தில் இருந்தது. நடுத்துண்டின் கீழ் முனையிலும், அது போய்ச் செருகும் அடித்துண்டின் உள்விளிம்பிலும், கழற்றிய மூடிகள் சிலவற்றின் அடியிலும் சிறிய 7. ஒரே சமயத்தில் பல குழல்கள் மேசையில் இருக்கும்போது ஒன்றின் உறுப்பு இன்னொன்றோடு கலக்காமல் இருக்கத் தொழிலாளி அடிக்கும் கோர்ப்பு எண் அது. விலைக்கு அதனால் பயனில்லை. ஆனால் எந்தத் துண்டு எந்தத் துண்டோடு பிறந்தது என்று சொல்ல அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. தலைத்துண்டில் 7 இல்லை.

தலைத்துண்டு

தலைத்துண்டின் நிறமே வேறாக இருந்தது. நடுத்துண்டில் இடது ஆள்காட்டி விரல் படியும் இடத்தில் மேல்பூச்சு தேய்ந்து லேசான மஞ்சள் காட்டியது. அது ஜெர்மன் சில்வர். பூஜைச் சாமான் கடைகளில் எல்லாரும் பார்க்கும் அதே உலோகம்தான்: செம்பு, துத்தநாகம், நிக்கல். பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி இல்லை. தலைத்துண்டில் உதட்டுத் தகட்டின் அடியில், புளி எட்டாத மூலையில், ஆழ்ந்த கறுப்பு படிந்திருந்தது. வெள்ளி அப்படித்தான் கறுக்கும்.

அரிசி அளவுத் தலை உருவம் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண். மினர்வா என்ற ரோமானியத் தெய்வம். 1838 முதல் பிரெஞ்சு அரசின் வெள்ளித் தர முத்திரை அது. முகத்துக்கு முன்னால் 1 என்று இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. 2 என்று இருந்தால் 800 பங்கு. இங்கே 1 தெளிவாக இருந்தது. பக்கத்தில் செய்தவரின் குறி சாய்சதுரத்துக்குள் இருக்க வேண்டும். வெள்ளி முலாம் பூசியது என்றால் அந்தச் சட்டம் சதுரமாக இருக்கும். சாய்சதுரத்தின் இரண்டு முனைகள் மட்டும் மிஞ்சியிருந்தன, உள்ளிருந்த எழுத்து சாம்பலோடு போய்விட்டது. தரகர் மினர்வாவையும் லூயி லோவின் அடையாளம் என்று சொல்லியிருக்கிறார். மினர்வா பிரான்சில் செய்த கரண்டியிலும் இருக்கும், கிண்ணத்திலும் இருக்கும். அது உலோகத்துக்குச் சாட்சி. செய்தவருக்குச் சாட்சி அல்ல.

முத்திரை இருந்தாலும் உலோகத்தைச் சோதித்துத்தான் தீர வேண்டும். பத்தர் கடையில் உரைகல்லில் உரசி அமிலம் விடுவார்கள். வாத்தியத்தில் அதைச் செய்ய நான் விடமாட்டேன். தலைத்துண்டில் மூடியும் இல்லை, மூடிக்கு அடியில் துளையை அடைக்கும் பேட் என்ற மெத்தையும் இல்லை. தக்கையையும் முனைத் திருகையும் எடுத்துவிட்டால் அது வெறும் குழாய். நனைந்தால் கேடில்லை. என் நண்பரான பத்தரின் தராசில் வைத்தோம்: 104 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, உள்ளே ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி நிறுத்தோம்: 94 கிராம். இழந்தது 10 கிராம். 104ஐ 10ஆல் வகுத்தால் அடர்த்தி 10.4. 950 தர வெள்ளிக்கு வர வேண்டிய கணக்கு அதுவே. ஜெர்மன் சில்வராக இருந்தால் ஏறக்குறைய 12 கிராம் இழந்திருக்கும். பத்தரே ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆக, ஜெர்மன் சில்வர் உடலில் வெள்ளித் தலை. அதுவாவது சேர்ந்தே வந்ததா? பெட்டி பதில் சொன்னது. பெட்டிக்குள் வெல்வெட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் அளவெடுத்த பள்ளம் உண்டு. நடுத்துண்டும் அடித்துண்டும் விரல் நுழையாமல் பொருந்தின. தலைத்துண்டு தன் பள்ளத்தில் 8 மில்லிமீட்டர் இடம் விட்டு ஆடியது. முனை விளிம்பைப் பார்த்தால் அரத்தின் குறுக்குக் கோடுகள். இது வேறு குழலின் தலை. அறுத்துக் குட்டையாக்கி இங்கே பொருத்தியிருக்கிறார்கள்.

ஏன் அறுத்தார்கள் என்பதற்குச் சுருதிதான் காரணம் என்று நினைக்கிறேன். பிரான்சில் 1859இல் அரசு உத்தரவுப்படி மேல்நாட்டு இசையின் ஏ (A) சுரத்தை நொடிக்கு 435 அதிர்வு என்று வைத்தார்கள். 1939இல் லண்டனில் கூடிய மாநாடு அதை 440 ஆக்கியது. நம் புல்லாங்குழலுக்குச் சுருதி மாறினால் வேறு மூங்கில் எடுத்துக்கொள்வோம். குழலின் மேல் கட்டை எண் எழுதியிருக்கும், ஐந்து கட்டைக்கு ஒன்று, ஐந்தரைக்கு ஒன்று. மூடிகளும் கம்பிகளும் வைத்த உலோகக் குழலில் அது முடியாது. தலையை வெட்டுவதுதான் எளிய வழி. ஏ சுரத்துக்கான காற்றுத் தூண் சுமார் 39 சென்டிமீட்டர். 435இலிருந்து 440க்கு ஏற அதில் நாலரை மில்லிமீட்டர் குறைந்தால் போதும். கூடுதலாகக் கொஞ்சம் வெட்டினால் இழுத்துச் சரிசெய்ய இடம் கிடைக்கும். எட்டு மில்லிமீட்டருக்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெட்டு எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் ஏற்றாது. துளைகள் 435க்காக இட்ட இடத்திலேயே இருக்கின்றன. என்னிடம் உள்ள நவீன ஃப்ளூட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் துளையிலிருந்து அடி முனை வரை இந்தக் குழல் அதைவிட ஐந்து மில்லிமீட்டர் கூடுதல் நீளம். குட்டையான காற்றுத் தூணில் எட்டு மில்லிமீட்டர் போவதும் நீளமான தூணில் எட்டு மில்லிமீட்டர் போவதும் ஒன்றல்ல. நடு ஸ்தாயியின் சி ஷார்ப், அடி சியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறிவிடும். ஒழுகும் துளைகளுக்குத் தற்காலிகமாக டேப் ஒட்டி வாசித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது: அடியில் தணிவு, மேலே ஏற்றம். நல்ல வாசிப்பாளர் உதட்டைத் திருப்பி அதைச் சமாளிப்பார். பயிலும் குழந்தையின் கையில் கொடுத்தால் காது கெட்டுவிடும்.

விலை

எந்தப் பழைய குழலுக்கும் நான் முதலில் தரைவிலை போடுவேன். உருக்கினால் என்ன கிடைக்கும் என்பது தரைவிலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அன்று வெள்ளி கிராம் ஏறத்தாழ 80 ரூபாய். 104 கிராமில் 950 பங்கு என்றால் 98.8 கிராம், ஏறக்குறைய 7,900 ரூபாய். எடைக்கு 1,500 ரூபாய் சொன்னவரால், மினர்வாவைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், டீச்சருக்கு 6,400 ரூபாய் நட்டம் வரப் பார்த்தது.

உருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்து சதவீத வெள்ளியில் தட்டிய பிரெஞ்சுத் தலைத்துண்டு மெல்லிசான சுவரோடு பாடுவது தனி. உருக்குவது பாவம் என்றே நினைக்கிறேன்.

வாத்தியமாக என்ன விலை? நடுத்துண்டும் அடித்துண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம், கம்பிகள் வளையவில்லை, ஒடுக்கு இல்லை. ஆனால் பேட் அத்தனையும் போய்விட்டது. பதினாறு பதினேழு பேடுகளும் மாற்றி, ஸ்பிரிங்குகளைச் சரிசெய்தால் என் கூலியோடு 9,000 ரூபாய் ஆகும். அவ்வளவு செலவழித்த பிறகும் சுருதி ஒத்துவராது. வாங்குகிற மாணவர் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் பழைய ஜப்பானியக் குழல் ஒன்றை வாங்கிவிடுவார். அவற்றில் மாடல் எண் குழலிலேயே தெளிவாக இருக்கும், எதையும் துப்பறிய வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டிலிருந்து வரும் குழல்களில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இருக்காது, இருந்தாலும் அது கடைக்காரரின் பெயர். அங்கே கையும் காதும்தான் அளவுகோல். இந்தக் குழல் இரண்டிலும் சேராது. பழைமைக்காக வாங்குபவர்தான் இதற்கு ஆள். அவரோ தலை யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்.

இதையெல்லாம் சேர்த்து எழுத்தில் கொடுத்தேன்: குவெனோன் நிறுவனம், பாரிஸ், 1900க்கும் 1945க்கும் இடைப்பட்டது, வெள்ளி முலாம் பூசிய ஜெர்மன் சில்வர், தலைத்துண்டு வேறு குழலுடையது, 950 வெள்ளி, அறுக்கப்பட்டது, 2061 என்பது உரிமையாளரின் படை எண். உள்ள நிலையில் 15,000 முதல் 18,000 ரூபாய். தரகருக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம் என்று வாயால் சொன்னேன். மதிப்பீட்டுக்குக் கூலி வாங்கும்போது பொருளின் விலையில் பங்கு கேட்பதில்லை என்பது என் வழக்கம். விலை உயர்ந்தால் எனக்கு லாபம் என்று ஆகிவிட்டால் என் கண்ணே என்னை ஏமாற்றும்.

போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினேன். "பெட்டியின் பள்ளம் நீளமாக இருக்கிறது டீச்சர். அந்த நீளத்தில் ஒரு குழாய், ஓரத்தில் ஒரே ஒரு ஓட்டை, அதைச் சுற்றி ஒரு தகடு. தாத்தா பழைய சாமான் எதையும் தூக்கிப் போடாதவராக இருந்தால் அது வீட்டில் எங்கேயாவது இருக்கும். கிடைத்தால் துடைக்காமல் கொண்டுவாருங்கள்."

பதினேழு நாள் கழித்து

ஆவணி பிறந்திருந்தது. டீச்சரும் அவருடைய தம்பியும் சேர்ந்து வந்தார்கள். தம்பியின் பாகத்துக்குப் போன டிரங்குப் பெட்டியில், சீருடைப் பொத்தான்களுக்கும் பழைய தபால்களுக்கும் அடியில், எண்ணெய்க் காகிதம் சுற்றிய குழாய் ஒன்று இருந்திருக்கிறது. காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

பிரித்தேன். உதட்டுத் தகட்டில் ஒரு பக்கம் பற்று விட்டிருந்தது, தக்கை சுருங்கிக் குலுக்கினால் கடகடத்தது. தாத்தா இதை ஏன் கழற்றிவைத்தார் என்பதற்கு அந்தத் தகடே காரணமாக இருந்திருக்கலாம். மற்றபடி, அத்தையின் புளி இதைத் தொட்டதே இல்லை. கறுப்பேறிய உலோகத்தில் எறிகுண்டின் தீநாக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதன் கீழே, நடுத்துண்டில் நாங்கள் எவ்வளவு பவுடர் தடவியும் வராத அந்த வரி, பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி நின்றது. டீச்சர் சத்தமாகப் படித்தார்: குவெனோன்.

பெட்டிக்குள் வைத்தேன். ஆடவில்லை. பழைய மதிப்பீட்டின் கீழேயே தேதி போட்டுத் திருத்தி எழுதினேன்: மூன்று துண்டும் சொந்தத் துண்டுகளாக முழுமையான 435 சுருதிக் குழல், உடன் தனியாக ஒரு வெள்ளித் தலைத்துண்டு, ராணுவப் புத்தகத்தோடு சேர்த்து 28,000 முதல் 32,000 ரூபாய். டீச்சரின் தம்பி அதைப் படித்துவிட்டு, விற்கவில்லை, பேட் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன்.

அவர்கள் போன பிறகு தலைத்துண்டின் செருகுமுனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குச் சற்று உள்ளே, கறுப்புக்கு நடுவில், சிறிய 7.